ஸ்கேன் பார்த்து ஊசி போடும் கை எங்கே பழகுகிறது?



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும், விழுந்து எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பெரியவர்களும் அதிகம். அவர்களிடம் விவரம் கேட்கும்போதெல்லாம் ஒரே பயம் வெவ்வேறு வாய்களிலிருந்து வருகிறது. “அங்க போனா படிக்கிற புள்ளைங்க நம்ம உடம்புலதான் பழகுவாங்க பாய்” என்கிறார்கள். இந்தப் பயத்தால் சிலர் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்துவிடுகிறார்கள். சிலர் நோயாளியை அழைத்துக்கொண்டு கிளம்பி, நகையை அடகு வைத்து வேறு இடத்தில் பணம் கட்டுகிறார்கள். இதற்கிடையில் ஒரு நாள், இரண்டு நாள் என்று சிகிச்சை தள்ளிப் போகிறது.

இந்தப் பயம் வீண் பயம் என்று நாம் சொல்லப் போவதில்லை. எந்த மருத்துவரும் தாயின் வயிற்றிலிருந்தே ஊசி போடக் கற்றுக்கொண்டு வருவதில்லை. எங்கேயாவது முதல் முறை போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த முதல் முறை நம் கழுத்தில்தான் நடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அதற்கென்றே பயிற்சி மாதிரிகள் இருக்கின்றன. அவை எப்படிப்பட்டவை, அவற்றால் என்ன பலன், நாம் மருத்துவமனையில் என்ன கேட்கலாம் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

எந்தச் சிகிச்சைகளைச் சொல்கிறோம்?

ஸ்கேன் என்றாலே கர்ப்பிணிகளுக்குக் குழந்தை பார்ப்பது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதுவும் சரிதான். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1958-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்கு வழி திறந்தது. இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஆலைகளில் வைத்திருந்த கருவியை வைத்து வயிற்றுக் கட்டிகளைப் பார்க்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள்.

இன்று அதே ஸ்கேன் வேறொரு வேலையும் செய்கிறது. ஊசி உள்ளே போகும்போதே அது எங்கே போகிறது என்று திரையில் காட்டுகிறது. சில உதாரணங்கள்:

திடீரென்று சிறுநீரகம் செயலிழந்தவருக்கு உடனே டயாலிசிஸ் செய்ய, கழுத்தின் பெரிய சிரையில் குழாய் போடுவது. கை அல்லது இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு, அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பின் அருகில் மருந்து செலுத்தி மரக்க வைப்பது. நுரையீரலைச் சுற்றியோ வயிற்றிலோ சேர்ந்த நீரை எடுப்பது. கல்லீரல், தைராய்டு, மார்பகம் ஆகியவற்றில் உள்ள கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சிறு துணுக்கு எடுப்பது. நரம்பே கிடைக்காத குழந்தைக்கு ஐ.வி. போடுவது.

கழுத்துக் குழாயையே எடுத்துக்கொள்வோம். அந்தச் சிரை தோலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி. சற்றுக் கீழே நுரையீரலின் மேல் நுனி. பல ஆண்டுகள் மருத்துவர்கள் கழுத்துத் தசையின் அமைப்பைக் கையால் தடவி, இடத்தைக் கணித்து, ஊசி போட்டு வந்தார்கள். பெரும்பாலும் சரியாகவே அமைந்தது. ஆனால் எல்லோருக்கும் ரத்தக் குழாய் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தமனியில் குத்திவிட்டால் ரத்தம் கட்டும். நுரையீரலில் பட்டால் காற்று கசிந்து மூச்சுத் திணறும். இதனால்தான் 2002-ல் பிரிட்டனின் நைஸ் என்ற அரசு அமைப்பு, கழுத்துச் சிரையில் குழாய் போடும்போது ஸ்கேன் பார்த்துப் போடுவதே விரும்பத்தக்கது என்று பரிந்துரைத்தது.

மெஷின் இருந்தால் போதாதா?

போதாது. ஸ்கேன் மெஷின் கண்ணுக்கு உதவுகிறது. கை தனியாகப் பழக வேண்டும்.

மருத்துவர் இடது கையில் புரோபைப் பிடிக்கிறார். வலது கையில் ஊசி. கண் இரண்டு கையையும் பார்க்காமல் திரையைப் பார்க்கிறது. புரோப் ஒரு விரலளவு சாய்ந்தாலே படம் மாறிவிடும். காரணம், புரோபிலிருந்து கிளம்பும் ஒலிக் கற்றை டார்ச் வெளிச்சம்போல் விரிந்து போவதில்லை. ஒரு தாளைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல மெல்லியதாகப் போகிறது. அந்தத் தாளுக்குள் இருப்பது மட்டுமே திரையில் தெரியும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. முருங்கைக்காயைக் குறுக்கே வெட்டினால் எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரு வட்டம்தான் தெரியும். அது நுனியா நடுவா என்று அந்த வட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதேபோல ஒலிக் கற்றை ஊசியைக் குறுக்கே வெட்டும்போது திரையில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரியும். அது ஊசியின் நுனி என்று மருத்துவர் நினைத்துக்கொள்வார். ஆனால் அது ஊசியின் நடுப்பகுதியாக இருக்கலாம். நுனி ஏற்கெனவே சிரையைத் தாண்டிப் பின்சுவரைக் குத்திக்கொண்டு போயிருக்கலாம். ஊசியை நீளவாக்கில் பார்த்தால் முழு ஊசியும் தெரியும். ஆனால் கை சற்று விலகினாலும் ஊசி திரையிலிருந்து மறைந்துவிடும்.

புத்தகத்தில் படித்து இது வராது. சைக்கிள் ஓட்டுவதுபோல, செய்து செய்துதான் வரும். விழுந்து விழுந்து பழகும் அந்தக் காலத்தை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

பழைய வழக்கம்தான்

உயிரில்லாத பொருளில் பழகிவிட்டு நோயாளியிடம் வருவது மேல்நாட்டின் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் பழைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதையில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எவ்வளவு படித்திருந்தாலும் செய்து பழகாதவன் சிகிச்சைக்குத் தகுதியில்லை என்பது அதன் கருத்து. வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்கள், கீறிப் பழகத் தண்ணீர் நிரப்பிய தோல் பைகள், ரத்தக் குழாயில் குத்திப் பழக இறந்த விலங்கின் நாளங்களும் தாமரைத் தண்டும் என்று அது பட்டியலே தருகிறது. ரத்தக் குழாய்க்குத் தாமரைத் தண்டு! இன்றைய மருத்துவக் கல்லூரிகள் அதற்குப் பதில் ரப்பர் குழாய் வைத்துக்கொள்கின்றன, எண்ணம் ஒன்றுதான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் து கூத்ரே என்ற மருத்துவச்சி இருந்தார். பிரசவம் பார்க்கத் தெரியாதவர்கள் கையில் கிராமத்து ஏழைப் பெண்களும் சிசுக்களும் இறப்பதைத் தடுக்க, துணியாலும் தோலாலும் பஞ்சாலும் தாயின் இடுப்புப் பகுதியையும் குழந்தையையும் பொம்மையாகச் செய்தார். 1759-ல் அரசர் பதினைந்தாம் லூயி, நாடு முழுவதும் போய்க் கற்றுக்கொடுக்க அவருக்கு ஆணை தந்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்தப் பொம்மையில் பழகிய பிறகே பிரசவ அறைக்குள் போனார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏழைப் பெண்ணின் உடம்பு பயிற்சிக்களம் அல்ல என்பதை அந்த அம்மையார் தையல் ஊசியாலேயே செய்து காட்டினார்.

ஜெல்லிக்குள் ஒரு கழுத்து

ஸ்கேன் பார்த்து ஊசி போடப் பழகும் மாதிரியை மருத்துவர்கள் ‘ஃபேன்டம்’ என்கிறார்கள். அதற்கு நான்கு குணங்கள் வேண்டும். ஒலி அதற்குள் நம் சதைக்குள் போவதுபோலவே போக வேண்டும். திரையில் சதைபோலத் தெரிய வேண்டும். ஊசி போகும்போது கைக்குச் சதைபோலத் தோன்ற வேண்டும். உள்ளே தேடிக் கண்டுபிடிக்க ஒரு குழாயோ கட்டியோ இருக்க வேண்டும்.

ஸ்கேன் மெஷின்கள் உடம்புக்குள் ஒலி வினாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு வைத்தே ஆழத்தைக் காட்டுகின்றன. தண்ணீர் மிகுந்த ஜெல்லியில் ஒலியின் வேகம் இதற்கு நெருக்கமாக இருக்கிறது. அதனால்தான் ஜெல்லி. காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும். நமக்கு ஸ்கேன் எடுக்கும்போது வழவழப்பான ஜெல் தடவுவதும் தோலுக்கும் புரோபுக்கும் நடுவில் காற்று இல்லாமல் இருக்கத்தான்.

கடைசரக்கிலேயே இதைச் செய்யும் மருத்துவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஜெலட்டினைச் சுடுதண்ணீரில் கரைத்து, மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோல் உமியைக் கலக்கிறார்கள். வெறும் ஜெல்லி திரையில் கறுப்பாகத் தெரியும். உமி கலந்தால் சதைபோல் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகத் தெரியும். கலவையைப் பாத்திரத்தில் பாதி ஊற்றி, சிவப்புத் தண்ணீர் நிரப்பிய மெல்லிய ரப்பர் குழாயைக் கிடத்தி, மீதியை ஊற்றி, ஃபிரிட்ஜில் வைத்து உறைய விடுகிறார்கள். பிறகு மாணவர் புரோபை வைத்துக் குழாயைத் தேடி ஊசி போடுகிறார். சிரிஞ்சில் சிவப்புத் தண்ணீர் வந்தால் இலக்கு சரி. நீண்ட பலூனில் தண்ணீர் நிரப்பி வைத்தால் அது சிரைபோல் அமுங்கும். கெட்டியான குழாய் தமனிபோல் அமுங்காது. சிரை எது, தமனி எது என்று புரோபால் அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பாடமும் இதில் கிடைக்கிறது.

நோன்பு துறக்கும்போதும் விருந்துகளிலும் நம் வீடுகளில் காய்ச்சும் கடற்பாசி இருக்கிறதே, அதுவும் இதற்குப் பயன்படுகிறது. கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது என்பதால், விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினைத் தொடத் தயங்கும் மாணவருக்கும் சங்கடமில்லை. ஆனால் கடற்பாசி ஜெல்லி சீக்கிரம் விண்டுபோகும். ஜெலட்டின் அளவுக்கு இழுவை கிடையாது. கோழியின் நெஞ்சுக் கறிக்குள் குழாயைச் செருகிப் பழகுவதும் உண்டு. அதில் சதை நாரும் சவ்வும் உண்மையாகவே தெரிவதால் நரம்பு மரப்பு ஊசிக்குப் பழக ஏற்றது. சிலிக்கான் போன்றவற்றால் செய்து விற்கும் மாதிரிகள் நூற்றுக்கணக்கான குத்துகளைத் தாங்கும். ஆனால் விலை பல ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களுக்குப் போகும்.

பலன் இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். கழுத்துக் குழாய் போடும் முறையை மாதிரியில் பழக வேண்டும். தேர்வு வைத்து, குறித்த தரத்தைத் தொட்ட பிறகே தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிக்குப் போட வேண்டும். தொடாதவர் மறுபடி பழக வேண்டும். 2009-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், இப்படிப் பழகி வந்தவர்கள் நோயாளியைக் குத்திய தடவைகளும் தமனியில் பட்ட தடவைகளும் குறைந்திருந்தன. குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி சேர்வதும் குறைந்தது: குழாய் உடம்பில் இருந்த ஒவ்வொரு 1,000 நாட்களுக்கும் 3.2 என்று இருந்தது 0.5 ஆனது.

கிருமி ஏன் குறைய வேண்டும் என்று கேட்கலாம். ஊசியை மட்டும் அங்கே பழக்கவில்லை. கை கழுவுவது, மருந்து தடவுவது, உடம்பை முழுவதும் துணியால் மூடுவது என்று எல்லாப் படிகளையும் வரிசை மாறாமல் செய்ய வைத்தார்கள். ஒளுவில் ஒவ்வோர் உறுப்பையும் முறைப்படி கழுவிப் பழகிய நமக்கு, வரிசையும் சுத்தமும் கைப்பழக்கமாக வேண்டும் என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மாதிரியால் முடியாதது

அதே நேரத்தில் மாதிரியில் தேறியவர் எல்லாம் தேர்ந்தவர் என்றும் சொல்ல முடியாது. ஜெல்லி மூச்சு விடாது. அதற்கு வலிக்காது, கழுத்தைத் திருப்பாது, பயந்து அம்மாவைக் கூப்பிடாது. ஜெல்லிக்குள் ஊசி பளிச்சென்று தெரிவதுபோல் பருமனான மனிதரின் சதைக்குள் தெரியாது. ஒருவர் குத்திய தடம் ஜெல்லியில் அப்படியே நின்று, அடுத்தவருக்கு வழி காட்டிவிடுவதும் உண்டு.

ஆகவே மாதிரி என்பது முதல் படி மட்டுமே. இரண்டாவது படி, அனுபவமுள்ள மருத்துவர் பக்கத்தில் நின்று பார்க்க, நோயாளிக்குச் செய்வது. மூன்றாவது படிதான் தனியாகச் செய்வது. நாம் அஞ்ச வேண்டியது பயிற்சி மருத்துவரைப் பார்த்தல்ல. இந்தப் படிகளைத் தாண்டிக் குதிப்பதைப் பார்த்துத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எம்.பி.பி.எஸ். படிப்புக்கான விதிகளின்படி ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் ‘ஸ்கில் லேப்’ எனப்படும் திறன் பயிற்சிக் கூடம் இருக்க வேண்டும். மாணவர்கள் நோயாளியிடம் போகுமுன் பொம்மைகளிலும் மாதிரிகளிலும் பழகுவதற்கான இடம் அது. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி உட்பட, அரசு, தனியார் எல்லாக் கல்லூரிகளுக்கும் இந்த விதி பொருந்தும். ஆகவே பழகிய கையைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இன்னொரு சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் சிலர், “நம்ம ஊருக்கு ஒரு ஸ்கேன் மெஷின் வாங்கித் தரலாமா?” என்று கேட்கிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பதிவு பெறாத இடத்துக்கு ஸ்கேன் மெஷினை விற்கவே கூடாது. நரம்பு மரப்பு ஊசிக்குத்தான் வாங்குகிறோம் என்றாலும் பதிவு வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் இது. இதன் கண்டிப்பை நாம் மதிக்க வேண்டும். பயிற்சி மாதிரிக்கு இப்படிப் பதிவு எதுவும் தேவையில்லை. ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரியோ நர்சிங் கல்லூரியோ கேட்டால் மாதிரிகளை வாங்கித் தரலாம். அதில் பழகிய கை எத்தனை நோயாளிகளைத் தொடுமோ, அத்தனை பேருக்கும் அந்த நன்கொடையில் பங்கு உண்டு.

நாம் என்ன கேட்கலாம்?

சிகிச்சைக்கு முன் அதன் தன்மை, பலன், மாற்று வழி, முக்கியமான ஆபத்து ஆகியவற்றை நோயாளிக்குச் சொல்லித்தான் சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுமுன் கேட்பதில் தவறில்லை. குரலை உயர்த்தாமல், மரியாதையாக, இந்த நான்கைக் கேளுங்கள்:

1. “டாக்டர், இதை ஸ்கேன் பார்த்துப் போடுவீங்களா?”

2. “யார் போடுவாங்க? இதுக்கு முன்னாடி பழகியிருக்காங்களா?”

3. “பெரிய டாக்டர் பக்கத்துல இருப்பாரா?”

4. “ஓரிரு தடவை குத்தியும் கிடைக்கலன்னா அடுத்து யார் பார்ப்பாங்க?”

நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். பதில் திருப்தியாக இருந்தால் சம்மதியுங்கள். ஒருவர் இளைஞர் என்பதாலோ பி.ஜி. படிப்பவர் என்பதாலோ மட்டும் மறுக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருப்பவர் அவர்தான். அவருக்குக் கற்க வாய்ப்பே தராவிட்டால், பத்து வருடம் கழித்து நம் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தேர்ந்த கை எங்கிருந்து வரும்?

பெண் நோயாளி என்றால், கழுத்துக் குழாய்க்கு அந்த இடம் மட்டும் திறந்திருந்தால் போதும். மற்றபடி மூடிக்கொள்ளவும், பெண் நர்ஸ் உடனிருக்கவும் கேளுங்கள். கிருமி சேராமல் இருக்க உடம்பைத் துணியால் மூடுவது மருத்துவ முறையிலேயே இருப்பதால் இதில் சிரமம் இல்லை. ஆனால் மூச்சுத் திணறலோ அதிர்ச்சி நிலையோ உள்ள அவசரத்தில் கேள்விகளை நீட்ட வேண்டாம். உயிரைக் காப்பதே அப்போது முதல் கடமை என்பதை நம் ஆலிம்கள் எப்போதும் சொல்லி வருகிறார்கள்.

நர்சிங், மயக்கவியல் டெக்னீசியன், டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்புகளுக்கு நம்மிடம் கல்வி உதவி கேட்கும் மாணவ மாணவியரின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியின் ஸ்கில் லேபைக் காட்டச் சொல்லுங்கள். மாதிரிகள் கண்ணாடி அலமாரிக்குள் புதிதாக மின்னினால் யோசியுங்கள். ஊசிக் குத்துகளோடு தேய்ந்து பழசாக இருந்தால், அங்கே பிள்ளைகள் உண்மையிலேயே பழகுகிறார்கள் என்று அர்த்தம்.

மருத்துவமனையில் சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்கும் நேரத்தில், வட்டிக்கு வாங்கவோ நகையை அடகு வைக்கவோ ஓடுமுன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறோம். தேவைப்பட்டால் ஒருவர் கூடவே வருவார். நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்